இடிதாங்கி

என் வண்டிக்கு வேலை ஒன்றுதான்.
இடி வாங்குவது.

வானத்து இடிக்கு ஒரு செப்புக்கம்பி போதும்.
இது தரையில் வரும் இடி.
கம்பியோடு ஒரு ஆளும் வேண்டும்,
சம்பளத்துக்கு.

முன்னால் ஐந்து பேர்,
சாலை விரிசலுக்குள் கொதிக்கும் தாரை ஊற்றிக்கொண்டு.
நூற்றைம்பது அடி தள்ளி நான்.
என் முதுகுக்குப் பின்னால்
மஞ்சளும் கறுப்பும் கோடிட்ட அலுமினியத் தேன்கூடு.
அதற்கும் பின்னால்
நெப்ராஸ்கா முழுவதும்
மணிக்கு எழுபத்தைந்து மைலில்.

முன்னே ஊர்ந்து, பின்னே பார்க்கிற பிழைப்பு.
பதினோரு வருஷமாகக் கண்ணாடியில்தான் குடியிருக்கிறேன்.

எங்கள் பொறியாளர் வேர்லின் ஸ்வோபோடா
வாயைத் திறந்தால் வரி கட்ட வேண்டும் என்பதுபோல் இருப்பார்.
செவ்வாய்க்கிழமை என் பானெட்டில் வரைபடத்தை விரித்து
"ஆபத்து நம்ம வேலை நடக்கிற இடத்துல இல்ல, லவோன்.
வரிசையோட வால்ல இருக்கு" என்றார்.

மாடு ஏற்றிய லாரி ஒன்று மூச்சு வாங்கினால் போதும்,
வால் நீண்டுபோய்
மேட்டுக்கு மறுபுறம் படுத்துக்கொள்ளும்.
அங்கே வருகிறவனுக்குத் தெரிவது
வானம், ரேடியோ,
மடியில் ஒளிரும் செல்போன்.
ஒரு வரி படித்து நிமிர்வதற்குள்
ஒன்றரைக் கால்பந்து மைதானம் கடந்திருப்பான்.

அதனால் பலகைகளைப் பெயர்த்து
ஒரு மைல் பின்னுக்கு நட்டோம்.
ரப்பர் பட்டைகளை மூன்று வரிசையாய் விரித்தோம்,
தூங்குகிற டயர்களைத் தட்டி எழுப்ப.

பக்கத்திலேயே பிளாட் ஆறு.
மார்ச் மாதமென்றால் ஆயிரமாயிரம் சாம்பல் கொக்குகள்,
கணுக்கால் தண்ணீரில் நின்றபடி தூங்கும்.
நரி வந்தால் தண்ணீர் சத்தம் போடும்.
அவ்வளவுதான் அவற்றின் பொறியியல்.
எங்களுடையதும் பெரிதாக வேறில்லை.

இரவு இரண்டு நாற்பது.
முதல் பட்டை. தடதட.
இரண்டாவது.
மூன்றாவதில் விளக்குகள் லேசாக நெளிந்தன,
நிமிரவில்லை.

தலையைப் பின்னால் அழுத்து.
பிரேக்கை விடாதே.
ஹாரன், உனக்காக அல்ல,
முன்னால் இருக்கும் ஐவருக்காக.

ஓடெல் தடுப்புச்சுவரைத் தாண்டியதைப் பார்த்தேன்.
அறுபது வயது, மூட்டுவலி,
மான் மாதிரி தாண்டினான்.

பிறகு

இடி.

தேன்கூடு அப்பளமாக நொறுங்கியது.
நொறுங்கத்தான் அது.
ஆற்றில் கொக்குகள் மொத்தமும் எழுந்து
இருட்டைக் கிழித்து,
கொஞ்ச நேரம் கத்தி,
மறுபடி அதே தண்ணீரில் இறங்கின.

காரில் ஒரு பையன். அப்திரிசாக்.
லெக்சிங்டன் இறைச்சி ஆலையில்
பன்னிரண்டு மணி நேரம் கத்தி பிடித்துவிட்டு வீடு திரும்புகிறான்.
இமையெல்லாம் காற்றுப்பையின் வெள்ளை மாவு.
கதவைப் பிய்த்துத் திறந்ததும் கேட்டான்:
"யாரை இடிச்சேன்?"

"என்னை" என்றேன்.
என் முகத்தையே பார்த்தான்.
நான் நின்றுகொண்டிருந்ததை
அவனால் நம்ப முடியவில்லை.

பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தேன்.
மணியைப் பார்த்தான்.
கிழக்கைப் பார்த்தான்.
விடிய நேரம் இருந்தது. குடித்தான்.

படிவத்தில் 'உயிரிழப்பு' என்று ஒரு கட்டம்.
குளிரில் பேனா எழுதவில்லை.
உதறி, ஊதி, தொடையில் கிறுக்கிப் பார்த்து
அழுத்திப் போட்டேன் ஒரு பூஜ்யம்.
தாள் கிழிந்துவிட்டது.

வியாழக்கிழமை வேர்லின் வந்தார்,
கறுத்த டயர்த் தடத்தைக் காலால் அளந்தார்,
நான்காவதாக ஒரு வரிசைப் பட்டை விரித்தார்,
ஒரு வார்த்தை பேசவில்லை.
எனக்குக் கழுத்தில் பட்டி,
புது தேன்கூடு,
பழைய கண்ணாடி.

மத்தியானம் ஒரு சிவப்பு பிக்கப்.
ஜன்னலை இறக்கி
"மைல் மைலா பீப்பாய் வெச்சிருக்கீங்க,
ஒருத்தனும் வேலை செய்யக் காணோமே!" என்று
கத்திவிட்டுப் போனான்.

கத்துவதற்கு
வேகத்தைக் குறைத்திருந்தான்.